முட்டையை விலக்குவது எதுவரை?

“முட்டை ஒத்துக்கொள்ளவில்லை, இனி கொடுக்காதீர்கள்” என்று மருத்துவர் சொல்வது ஒரு வரிதான். வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்விகள் வரிசைகட்டி வரும். அவித்த முட்டை, ஆம்லெட் வேண்டாம், சரி. கேக்? பிஸ்கட்? பன்னின் மேல் பளபளக்கும் பூச்சு? மஞ்சள்கரு மட்டும் கொடுக்கலாமா? கோழிக்கறி? தடுப்பூசி? பக்கத்தில் இருப்பவர்கள் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். பயந்துபோன பெற்றோர் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். பயமில்லாதவர்கள் ‘கொஞ்சம்தானே’ என்று கொடுத்துவிடுவார்கள். இரண்டாலும் பாதிக்கப்படுவது குழந்தைதான். எவ்வளவு விலக்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அது ஏன் மாறுகிறது என்று புரிந்துவிட்டால், மேலே உள்ள கேள்விகளில் பாதிக்குப் பதில் தானாகவே கிடைத்துவிடும்.

முட்டையிலுள்ள சில புரதங்களை உடலின் எதிர்ப்பு மண்டலம் பகையென்று தவறாக எண்ணிக்கொள்வதுதான் முட்டை ஒவ்வாமை. சிறு குழந்தைகளிடம் மிக அதிகமாகக் காணப்படும் உணவு ஒவ்வாமைகளில் இதுவும் ஒன்று. 100 குழந்தைகளில் ஒருவர் அல்லது இருவருக்கு இருப்பதாகப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தோலில் தடிப்பு, அரிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இருமல், மூச்சிரைப்பு என்று அறிகுறிகள் தெரியும். ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் வழியாக நடக்கும் உடனடி வகை இது. தாமதமாக வரும் வகையும் உண்டு. சாப்பிட்டு ஒன்றிலிருந்து நான்கு மணி நேரம் கழித்து அடக்க முடியாத வாந்தி எடுத்துத் துவண்டுபோகும் குழந்தைகள் அந்த வகை. தோல் பரிசோதனையிலும் ரத்தப் பரிசோதனையிலும் அது பெரும்பாலும் சிக்காது.

ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் பெரும்பாலும் வெள்ளைக்கருவில்தான் இருக்கின்றன. வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்கு மேல் ஓவல்புமின். பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஓவோமியூகாய்ட். இவற்றோடு ஓவோடிரான்ஸ்ஃபெரின், லைசோசைம் என்று இன்னும் சில. மஞ்சள்கரு மட்டும் போதுமே என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எவ்வளவு நிதானமாகப் பிரித்தாலும் மஞ்சள்கருவின் மேல் வெள்ளைக்கரு கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டேதான் வரும். தவிர, மஞ்சள்கருவிலும் ஒவ்வாமை தரும் புரதங்கள் உண்டு. அதனால் வெள்ளைக்கரு ஆகாதவர்களுக்கு முழு முட்டையும் ஆகாது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வாத்து, காடை, வான்கோழி முட்டைகளின் புரதங்களும் கோழி முட்டையின் புரதங்களை ஒத்தவையே. கோழி முட்டைக்கு மாற்றாக அவற்றைக் கொடுத்துப் பார்ப்பது ஆபத்து.

வெப்பம் எங்கே உதவுகிறது

ஓவல்புமின் சூடு தாங்காது. வெப்பம் பட்டதும் அதன் மடிப்புகள் குலைந்து வடிவம் மாறிவிடும்; எதிர்ப்பொருள் தேடிவந்த அடையாளம் அதில் இருக்காது. ஓவோமியூகாய்ட் அப்படியில்லை. உறுதியான பிணைப்புகளால் இறுக்கமாகக் கட்டப்பட்ட அந்தப் புரதம் கொதிநீரையும் தாங்கும், வயிற்றின் செரிமான நொதிகளுக்கும் எளிதில் மசியாது. ஆனால் கோதுமை மாவோடு கலந்து அடுப்பில் நெடுநேரம் வேகும்போது அது மாவிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தோடு பிணைந்துகொள்கிறது. கரைவது குறைகிறது, உடலுக்குள் போய் எதிர்ப்பொருளைச் சந்திக்கும் வாய்ப்பும் குறைகிறது. முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் நன்றாக வெந்த கேக்கைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை, அதே குழந்தைக்கு ஆம்லெட் கொடுத்தால் உடம்பெல்லாம் தடித்துவிடுகிறது என்றால், பின்னால் இருக்கும் காரணம் இதுதான்.

இங்கே ‘நன்றாக வெந்த’ என்பதற்கு ஓர் அளவு உண்டு. இதுபற்றிய ஆய்வுகளில் பொதுவாகப் பயன்படுவது, மாவோடு கலந்து 180 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் அடுப்பில் வெந்த சிறிய கேக். தோசைக்கல் போன்ற தட்டையான சட்டியில் இரண்டு மூன்று நிமிடம் வாட்டி எடுக்கும் பான்கேக் இந்தக் கணக்கில் சேராது. நடுவில் ஈரமாக, கொழகொழப்பாக இருக்கும் கேக்கும் சேராது. ஓரத்தைத் தின்றபோது ஒன்றும் ஆகாத குழந்தைக்கு நடுப்பகுதி ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

ஆகவே முட்டை விலக்கு என்று ஒரே சொல்லில் சொன்னாலும் உள்ளே வெவ்வேறு நிலைகள் இருக்கின்றன. துளிகூட ஆகாதவர்கள் ஒரு பக்கம். வெந்த கேக், பிஸ்கட் வரை தாங்கி, அவித்த முட்டையில் மாட்டிக்கொள்பவர்கள் இன்னொரு பக்கம். அவித்ததுவரை சரி, மயோனைஸ் போன்ற பச்சை முட்டை சேர்ந்தது மட்டும் ஆகாது என்பவர்களும் உண்டு. யார் எந்த நிலை என்று வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது. ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களும், முன்பு ஒருமுறை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களும் இதில் விளையாடவே கூடாது. அதேசமயம், ஏற்கெனவே கேக் சாப்பிட்டு எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கும் குழந்தைக்கு, பரிசோதனைச் சீட்டில் ‘முட்டை: பாசிட்டிவ்’ என்று வந்துவிட்டதே என்று கேக்கையும் நிறுத்துவது தேவையில்லாத கொடுமை. மருத்துவரிடம் அதைச் சொல்லிக் கேட்டுக்கொண்டு தொடரலாம்.

பரிசோதனைச் சீட்டைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் ஐஜிஇ ரத்தப் பரிசோதனையும், உடல் முட்டையை அடையாளம் வைத்திருக்கிறதா என்பதைத்தான் சொல்லும். சாப்பிட்டால் உண்மையில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லாது; அவற்றை மட்டும் வைத்து ஒவ்வாமையை உறுதிசெய்ய முடியாது. முன்பு நடந்ததைத் தெளிவாகக் கேட்டு, சோதனை முடிவோடு பொருத்திப் பார்ப்பார் மருத்துவர். சந்தேகம் தீராவிட்டால் மருத்துவமனையில் தன் கண்ணெதிரே சிறுசிறு அளவாகச் சாப்பிட வைத்துப் பார்ப்பார். ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்பொருளை அளந்து, ‘உங்களுக்கு ஆகாத உணவுகள்’ என்று நீண்ட பட்டியல் தரும் பரிசோதனைகளும் விற்கப்படுகின்றன. ஒரு உணவைச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதைத் தவிர அது வேறெதையும் காட்டுவதில்லை. அந்தப் பட்டியலை நம்பி வளரும் குழந்தையின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிடுவதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

ஒளிந்திருக்கும் முட்டை

முட்டையாகவே கண்ணுக்குத் தெரிவதை விலக்குவது சுலபம். சிரமம் எல்லாம் வேறு பெயரில், வேறு உருவத்தில் வருவதில்தான். சமையலில் முட்டைக்கு எத்தனை வேலை என்று பார்த்தால் அது எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்பது பிடிபடும். அரைத்த இறைச்சி உருண்டையும் கட்லெட்டும் உதிராமல் பிடிக்க முட்டை. பொரிப்பதற்கு முன் பிரெட் தூள் ஒட்ட முட்டை. எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் மயோனைஸ் ஆக மஞ்சள்கரு. ஐஸ்கிரீமும் கஸ்டர்டும் வழுவழுப்பாக வர மஞ்சள்கரு. நுரைத்து நிற்கும் மெரிங், மூஸ், சிலவகை மிட்டாய் எல்லாம் வெள்ளைக்கரு. ஒயினைத் தெளிய வைக்கவும் சில இடங்களில் வெள்ளைக்கருவைப் பயன்படுத்துகிறார்கள். சில கெட்டிப் பாலாடைக்கட்டிகளில் கெடாமல் இருக்க முட்டையிலிருந்து எடுத்த லைசோசைம் சேர்ப்பதுண்டு. நூடுல்ஸ், பாஸ்தாவில் காயவைத்த வகை பலவற்றில் முட்டை இருக்காது, அன்றைக்கே பிசைந்து செய்யும் வகையில் பெரும்பாலும் இருக்கும்.

பேக்கரிப் பன்னையே எடுத்துக்கொள்ளுங்கள். மாவில் முட்டையே சேர்க்கவில்லை என்று செய்பவர் உண்மையாகவே சொல்லலாம். ஆனால் அடுப்புக்குள் தள்ளும் முன் ஒரு கிண்ணத்தில் முட்டையை அடித்து, தூரிகையால் மேலே ஒரு இழுப்பு இழுத்திருப்பார். அந்தப் பொன்னிறப் பளபளப்பு அதனால் வந்தது. ‘பன்னில் முட்டை உண்டா?’ என்று கேட்டால் அவர் மாவைத்தான் நினைத்துப் பார்ப்பார். ‘மேலே என்ன பூசுகிறீர்கள்?’ என்று தனியாகக் கேட்க வேண்டும். அதே தூரிகை முட்டை சேராத பன்னுக்கும் போகிறதா என்பது அடுத்த கேள்வி.

லேபிளில் முட்டை என்ற சொல்லையே காணாமல் இருக்கலாம். அல்புமின், ஓவல்புமின், ஓவோமியூகாய்ட், ஓவோமியூசின், விட்டெலின், லிவெட்டின், லைசோசைம் என்று எதைப் பார்த்தாலும் முட்டை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். லைசோசைம் இ 1105 என்ற எண்ணாகவும் வரும். லெசித்தின், அதாவது இ 322, பெரும்பாலும் சோயாவிலிருந்து வருவது. முட்டையிலிருந்து வந்ததும் உண்டு என்பதால் விசாரிப்பது நல்லது. அமெரிக்காவில் 2006 முதல் முட்டை உள்ளிட்ட முக்கிய ஒவ்வாமைப் பொருள்களை எளிய பெயரில் லேபிளில் சொல்வது கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 பொருள்களைப் பட்டியலில் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும் என்ற விதி 2014 டிசம்பரிலிருந்து இருக்கிறது. ஆனால் ‘இதில் முட்டைத் தடயம் இருக்கலாம்’ என்ற எச்சரிக்கை பல நாடுகளில் கட்டாயமில்லை, நிறுவனம் விரும்பினால் போடுவது. அந்த வரி இல்லை என்பதால் தடயம் இல்லை என்று ஆகிவிடாது. தயாரிப்பு முறையையும் சொல்லாமல் மாற்றுவார்கள். போன மாதம் வாங்கியதுதானே என்று விடாமல் ஒவ்வொரு முறையும் படிக்கத்தான் வேண்டும்.

மூன்று லேபிள்கள் நல்ல அனுபவசாலிகளையும் ஏமாற்றிவிடும். முதலாவது, கொழுப்பைக் குறைக்க நினைப்பவர்களுக்காக ‘முட்டை மாற்று’ என்று அட்டைப்பெட்டியில் வரும் மஞ்சள் திரவம். அது மஞ்சள்கரு நீக்கிய வெள்ளைக்கருவேதான். ஒவ்வாமைக்காரருக்கு அதைவிட மோசமான பொருள் இல்லை. இரண்டாவது, இறைச்சியில்லாத ‘இறைச்சி’ வகைகள். அவற்றில் சில, சேர்ந்து பிடிப்பதற்கு வெள்ளைக்கருவையே நம்பியிருக்கின்றன. மூன்றாவது, ‘வீகன்’ என்ற முத்திரை. அதில் முட்டை வேண்டுமென்றே சேர்க்கப்படவில்லை என்பது மட்டும்தான் அதன் பொருள். அதே இயந்திரத்தில் முன்பு முட்டை பிஸ்கட் ஓடியிருக்கலாம். துளிகூடத் தாங்காதவர்களுக்கு அந்த முத்திரை மட்டும் போதாது.

வீட்டுச் சமையலறையிலும் இதே பிரச்சினை உண்டு. கரண்டி, முட்டை அடிக்கும் கம்பிக்கருவி, வெட்டும் பலகை, பொரித்த எண்ணெய் இவற்றின் வழியாகப் புரதம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். கம்பிக்கருவியின் வளைவுகள் கைப்பிடியில் சேரும் இடத்தைக் கூர்ந்து பார்த்தால் காய்ந்த முட்டை ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். முடிந்தால் அதை மட்டுமாவது தனியாக ஒன்று வைத்துக்கொள்ளலாம். சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவினால் புரதம் போய்விடும். சானிட்டைசர் கிருமியைக் கொல்லும், புரதத்தை அகற்றாது. முட்டையைத் தொட்ட கையில் சானிட்டைசர் தடவிக்கொண்டு குழந்தையைத் தூக்குபவர்கள் நிறையப் பேர்.

முட்டைக்குப் பதில் எதைப் போடுவது

எல்லா இடத்திலும் முட்டைக்கு மாற்றாக நிற்கும் ஒரே பொருள் என்று எதுவும் கிடையாது. அந்தப் பலகாரத்தில் முட்டை என்ன வேலை செய்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். சேர்த்துப் பிடிப்பதுதான் வேலை என்றால், ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் கொழகொழவென்று ஆகும். அது ஒரு முட்டையின் இடத்துக்குச் சரி. ஈரப்பதம் வேண்டுமென்றால் கால் கப் மசித்த வாழைப்பழமோ ஆப்பிள் கூழோ போதும், வாழைப்பழம் என்றால் வாசனை தூக்கலாக இருக்கும். உப்ப வேண்டுமென்றால் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் ஒரு மேசைக்கரண்டி வினிகரும். கலந்த உடனே அடுப்பில் வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்று வெளியேறிவிடும்.

நுரைக்குத்தான் நீண்ட காலம் வழியில்லாமல் இருந்தது. 2014இல் பிரான்ஸைச் சேர்ந்த ஜோயல் ரோஸெல் பருப்பு, பயறு வேகவைத்த தண்ணீரை அடித்தால் வெள்ளைக்கருபோல் நுரைக்கிறது என்று கண்டார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கூஸ் வோல்ட் கொண்டைக்கடலைத் தண்ணீரையும் சர்க்கரையையும் மட்டும் வைத்தே மெரிங் செய்துகாட்டினார். இப்போது அதை அக்வாஃபாபா என்கிறார்கள். மூன்று மேசைக்கரண்டி ஒரு முழு முட்டைக்கு, இரண்டு மேசைக்கரண்டி ஒரு வெள்ளைக்கருவுக்கு என்பது பொதுவான அளவு. மெரிங் வேண்டுமென்று ஆசைப்பட்டு ஏமாந்த குழந்தைகளுக்கு இது பெரிய வரம். கடலை, பயறு வகை ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் தவிர்க்க வேண்டும்.

ஒரு செய்முறையில் ஒன்றிரண்டு முட்டைதான் என்றால் மாற்றுவது எளிது. மூன்றுக்கு மேல் போனால் அந்தப் பலகாரமே முட்டையின் மேல்தான் நிற்கிறது என்று பொருள். அதோடு மல்லுக்கட்டாமல், முதலிலிருந்தே முட்டையில்லாமல் எழுதப்பட்ட செய்முறைக்குப் போய்விடுவது நேரத்தையும் பொருளையும் மிச்சப்படுத்தும்.

சத்தைப் பொறுத்தவரை பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு பெரிய முட்டையில் 6 கிராம் புரதம். பால், பயறு, மீன், இறைச்சி, சோயா எதிலிருந்தும் அதைப் பெறலாம். யோசிக்க வேண்டிய ஒன்று கோலின் என்ற சத்து. ஒரு முட்டையில் ஏறத்தாழ 150 மில்லிகிராம் இருக்கிறது. ஒன்றிலிருந்து மூன்று வயதுக் குழந்தைக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கும் அளவே நாளைக்கு 200 மில்லிகிராம்தான். சோயா, இறைச்சி, மீன், பால், முட்டைக்கோசு வகைக் காய்கள் என்று கலந்து கொடுத்தால் ஈடுகட்டிவிடலாம். முட்டையோடு பாலும் கோதுமையும்கூட ஆகாத குழந்தை என்றால் நிலைமை வேறு. அங்கே உணவியல் நிபுணர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், எடையும் உயரமும் தவறாமல் பார்க்கப்பட வேண்டும்.

தேவையில்லாத பயங்கள்

கோழிக்கறி பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். மஞ்சள்கருவிலுள்ள ஆல்ஃபா லிவெட்டின் என்ற புரதம் கோழியின் ரத்தத்திலும் இறைச்சியிலும் இருப்பதால், பறவைகளோடு பழகி ஒவ்வாமை வந்த சிலருக்கு இரண்டும் ஆகாமல் போவதுண்டு. அது அரிது, பெரியவர்களிடம்தான் அதிகம்.

தடுப்பூசி பயத்தால் நேரும் இழப்பு பெரிது. தட்டம்மை தடுப்பூசிக்கான கிருமி கோழிக் கரு உயிரணுக்களில் வளர்க்கப்படுவது உண்மைதான். ஆனால் முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கும் அது பாதுகாப்பானது என்று மீண்டும் மீண்டும் உறுதியாகியிருக்கிறது. இன்ஃப்ளுயன்சா ஊசி பலவும் முட்டையில் தயாராகின்றன. இருந்தும், எந்தத் தடுப்பூசிக்கும் எடுக்கும் வழக்கமான எச்சரிக்கை போதும், முட்டைக்காகத் தனி ஏற்பாடு தேவையில்லை என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-24 பருவத்திலிருந்து சொல்கிறது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி மட்டும் விதிவிலக்கு. அதில் முட்டைப் புரதம் கூடுதலாக இருக்கலாம். போடும் முன் ஒவ்வாமை மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படுவதும், அதற்கு முன்கூட்டியே தயாராவதும் அவசியம். மூச்சுத் திணறல், குரல் கம்மல், நாக்கு வீக்கம், தலைசுற்றல், திடீரென்று துவண்டுபோவது என்று வந்தால் அங்கே வேலை செய்யும் மருந்து அட்ரினலின் ஒன்றுதான். தொடையின் வெளிப்பக்கத்தில், தசைக்குள், தாமதிக்காமல் போட வேண்டும். அரிப்புக்குக் கொடுக்கும் ஆண்டிஹிஸ்டமின் மாத்திரை மூச்சுக்குழல் அடைப்பையும் ரத்த அழுத்தம் சரிவதையும் நிறுத்தாது. அதைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் பார்க்கலாம் என்று காத்திருந்ததால் போன உயிர்கள் உண்டு. ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வைக்க வேண்டும். மூச்சு விடச் சிரமப்பட்டால் உட்காரலாம். எழுந்து நடக்க விடக் கூடாது. ஐந்து நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் இரண்டாவது ஊசி. ஆகவே எப்போதும் கையில் இரண்டு இருக்க வேண்டும், போடத் தெரிந்தவர் ஒருவராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

எத்தனை நாளைக்கு

பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த ஒவ்வாமை வளர வளரப் போய்விடும். சிலருக்குப் பள்ளி வயதுக்குள், சிலருக்குப் பதின்பருவத்தில். வெந்த கேக்கைத் தாங்குபவர்களுக்குச் சீக்கிரம் போகும் வாய்ப்பு அதிகம். ஆனால் அது தானாக அறிவித்துவிட்டுப் போகாது. இரண்டு வயதில் எழுதிக்கொடுத்த விலக்கைப் பன்னிரண்டு வயதிலும் யாரும் மறுபரிசீலனை செய்யாமல் தொடரும் குடும்பங்கள் இருக்கின்றன. ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை மருத்துவரிடம் மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும்.

தானாகப் போகாதவர்களுக்குச் சிறிது சிறிதாக முட்டைப் புரதத்தைக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சை உண்டு. 2012இல் வெளியான ஓர் ஆய்வில் 22 மாதம் இப்படிக் கொடுத்தபோது 75 விழுக்காட்டுக் குழந்தைகள் நல்ல அளவு தாங்கினார்கள். பிறகு சிகிச்சையை நிறுத்திவிட்டுச் சோதித்தபோது அந்தத் தாங்குதிறன் நிலைத்திருந்தது 28 விழுக்காட்டினரிடம் மட்டுமே. தெரியாமல் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டால் ஆபத்தைக் குறைக்கும் என்பதற்காக ஓமலிசுமாப் என்ற ஊசிக்கு அமெரிக்காவில் 2024 பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டாலும் விலக்கைத் தொடர வேண்டும்.

இந்த வீடுகளில் பலரும் யோசிக்காமல் விடுவது அடுத்துப் பிறக்கும் குழந்தையை. மூத்த பிள்ளைக்கு ஆகாது என்பதால் வீட்டில் முட்டையே இல்லை, தம்பிக்கும் பாப்பாவுக்கும் கொடுப்பதே இல்லை என்று ஆகிவிடுகிறது. ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு இரண்டு வயதுவரை முட்டை வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமே 2000இல் சொன்னது. தள்ளிப்போடுவதால் பயன் இல்லை என்று தெரிந்ததும் 2008இல் அந்த நிலையைக் கைவிட்டது. 2017இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில், கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் அழற்சி இருந்த குழந்தைகளுக்கு 6 மாதத்திலிருந்து வேகவைத்த முட்டைப் பொடியைச் சிறு அளவில் கொடுத்தார்கள். ஒரு வயதில் பார்த்தபோது அவர்களில் 8 விழுக்காட்டினருக்கே முட்டை ஒவ்வாமை இருந்தது. கொடுக்காத குழந்தைகளில் 38 விழுக்காடு. மூத்த பிள்ளையைக் காப்பாற்ற எடுக்கும் அதே முடிவு இளையதற்கு ஒவ்வாமையைத் தேடிக் கொடுத்துவிடக் கூடும். முதல் முறை எப்போது, எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, மூத்த பிள்ளை வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, நன்றாக வேகவைத்த முட்டையைத் தனிக் கிண்ணத்திலும் கரண்டியிலும் இளையதற்குக் கொடுக்கலாம். முடிந்ததும் குழந்தையின் வாய், கை, உட்கார்ந்த நாற்காலி மூன்றையும் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டால் போதும்.